பழைய தராசும் புதிய விலையும்

வெள்ளிமலையில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி கள்ளக்குறிச்சிக்கு வந்து, ஒரு மின்னணுத் தராசு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதியது என்று கொடுக்கப்பட்ட அந்தத் தராசு, வேறெங்கோ சில ஆண்டுகள் உழைத்துத் துடைத்து மெருகேற்றப்பட்டது. ஊர் திரும்பிய பிறகே அது தெரிகிறது. மீண்டும் இறங்கி வந்தால் ஒரு நாள் வியாபாரம் போகும். விற்றவரோ, 'நீங்கள் பயன்படுத்தியதால் வந்த கீறல்' என்பார். இத்தகைய நிலையில் பலரும் விதியை நொந்துகொண்டு விட்டுவிடுகிறார்கள்.

இது ஒருவருடைய இழப்பு மட்டுமன்று. பொருளியல் வகுப்புகளில் நான் பல்லாண்டுகள் கற்பித்த ஒரு கருத்து இங்கே பொருந்தும். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப், பழைய கார் சந்தையைச் சான்றாகக் கொண்டு 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே, வாங்குபவர் எல்லாவற்றையும் ஐயத்துடன் பார்த்து, குறைந்த விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல பொருளை விற்கக் கட்டுப்படியாகாமல் நேர்மையான வணிகர் விலகுவார். அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கற்களைப் பொறுக்கும் இந்தியப் பெண்களையும் அவர் அக்கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார். இத்தகைய ஆய்வுகளுக்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆக, பழையதைப் புதியதென்று விற்பவர், பக்கத்துக் கடைக்காரரின் நற்பெயரிலிருந்தும் திருடுகிறார்.

இதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய, பழுதுபார்க்கப்பட்ட பொருளைப் புதியதென்று பொய்யாகக் காட்டுவதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2(47) பிரிவில் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சிலர் அச்சுறுத்தலாம். ஆனால், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்குபவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. நம் மளிகைக் கடைக்காரர் நுகர்வோரே.

தராசைப் பொறுத்தவரை, அதன் வயதை அறிய ஒரு வழி உண்டு. சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி, முத்திரையிடப்படாத தராசை விற்கக் கூடாது. முத்திரையில் ஆண்டும் காலாண்டும் இருக்கும். மின்னணுத் தராசை ஆண்டுதோறும் மறுமுத்திரையிட வேண்டும். ஆகவே, 'புதிய' தராசில் பழைய ஆண்டின் முத்திரையோ, சான்றிதழில் வேறு வரிசை எண்ணோ இருந்தால் ஐயப்பட இடமுண்டு. தொழிலாளர் துறையைச் சேர்ந்த முத்திரை ஆய்வாளரிடம் காட்டிக் கேட்கலாம்.

யார் மீது வழக்குத் தொடுப்பது என்பதும் முக்கியம். கோவாவில் ஒருவருக்கு, 2009-இல் தயாராகி 622 கிலோமீட்டர் ஓடிய காரை, 2011-இல் புதியதென்று முகவர் விற்றார். 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், இந்த ஏமாற்று தயாரிப்பு நிறுவனத்துக்குத் தெரியும் என்று காட்டச் சான்றில்லை என்று கூறி, நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. முகவரின் பொறுப்பு நீடித்தது. எனவே, நிறுவனத்தின் பெயரை நம்புவதைவிட, விற்பவரின் ரசீதைக் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு. அதில் மாதிரி, வரிசை எண், 'புதியது' என்னும் சொல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்கும்போதே கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.

ஏமாற்றம் தெரிந்தால், முதலில் விற்றவருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். பயனில்லையெனில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் பலனில்லையெனில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை, வழக்குரைஞர் கட்டாயமில்லை. வாங்கிய ஊரில்தான் என்றில்லை, வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலும் முறையிடலாம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். விலையைத் திரும்பத் தரவும், பொருளை மாற்றித் தரவும், இழப்பீடு வழங்கவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரமுண்டு.

சில ஆயிரம் ரூபாய்க்காக இவ்வளவு அலைய வேண்டுமா என்று கேட்கலாம். அந்தக் கணக்கை நம்பித்தான் ஏமாற்று வணிகம் நடக்கிறது. ஒருவர் முறையிட்டால், அடுத்து மலையிலிருந்து இறங்கி வருபவருக்குப் பழையதைக் கொடுக்குமுன் விற்பவர் யோசிப்பார். நேர்மையாக விற்பவரின் கடையிலும் கூட்டம் நிற்கும்.