வகுப்பறையில் இலவச விளையாட்டுவழிக் கருவிகள்

வினாடி வினா, புள்ளி, போட்டி போன்ற விளையாட்டுக் கூறுகளைக் கொண்டு பாடத்தை மீள்பார்வை செய்யவும் மாணவரின் புரிதலை அறியவும் உதவும் செயலிகளும் இணையதளங்களும் விளையாட்டுவழிக் கற்றல் கருவிகள் எனப்படுகின்றன. கஹூட், பிளிக்கர்ஸ், ஜிகாம்ப்ரி ஆகியவை காசில்லாமல் பயன்படுத்தக்கூடியவற்றுள் பரவலாக அறியப்பட்டவை.

இவற்றால் வகுப்பு கலகலப்பாகும். ஆனால் கலகலப்பு மட்டுமே வேண்டுமென்றால் பாட்டுக்குப் பாட்டு போதும். 40 பேர் உள்ள வகுப்பில் கேள்வி கேட்டால் கை தூக்குவது வழக்கமான ஐந்தாறு பேர்தான். மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். அதைப் பாடம் நடக்கும்போதே காட்டுவதுதான் இக்கருவிகளின் முதன்மையான பயன்.

கஹூட்

நார்வே நாட்டில் உருவான இக்கருவி 2013ஆம் ஆண்டு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. கேள்வி முன்னால் உள்ள திரையில் தோன்றும். மாணவர்கள் தங்கள் கைபேசியிலோ கணினியிலோ ஓர் எண்ணை உள்ளிட்டு விளையாட்டில் சேர்ந்து, சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் ஆகிய நான்கில் ஒன்றைத் தொட்டு விடையளிப்பர். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தனர் என்பது பட்டை வரைபடமாகத் தெரியும். அதன் பின்னர் தரவரிசைப் பட்டியல் வரும்.

இதில் வேகத்திற்கும் புள்ளி உண்டு. வழக்கமான அமைப்பில் ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000 புள்ளிகள். 20 வினாடிக் கேள்விக்கு 10ஆவது வினாடியில் சரியாக விடையளித்தால் 750 கிடைக்கும். கடைசி நொடியில் அளித்தால் ஏறத்தாழ 500தான். கணக்கை அறிந்திருந்தும் கேள்வியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை இதனால் பின்தங்கிவிடும். என் வகுப்பில் ஒரு மாணவன் நான்காவது கேள்வியிலிருந்து கேள்வியைப் படிக்காமலே சிவப்பு முக்கோணத்தை அழுத்திக்கொண்டிருந்தான். தவறு அவனுடையதல்ல, நேரத்தை அமைத்த என்னுடையது. நேரத்தை நான்கு நிமிடம் வரை நீட்டிக்கொள்ளலாம். புள்ளியே இல்லாத கேள்வியாகவும் அமைக்கலாம். முதல் சில வகுப்புகளுக்கு இந்த இரண்டையும் செய்வது நல்லது.

கேள்விகளைத் தமிழில் தட்டச்சு செய்யலாம். எழுத்து வரம்பு உண்டு என்பதால் சுருக்கமாக எழுத வேண்டும். இலவசக் கணக்கில் எத்தனை பேர் சேரலாம் என்ற வரம்பு அவ்வப்போது மாற்றப்படுவதால், அதை முந்தைய நாளே பார்த்துக்கொள்வது உத்தமம்.

பிளிக்கர்ஸ்

மாணவரிடம் கைபேசி இல்லாத பள்ளிக்கு ஏற்றது இது. ஆசிரியரிடம் ஒரு திறன்பேசியும் இணையத் தொடர்பும் இருந்தால் போதும். ஒவ்வொரு மாணவருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன ஓர் அட்டை தரப்படும். அட்டையின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி எனச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். தமக்குச் சரியெனப்பட்ட எழுத்து மேலே வருமாறு மாணவர் அட்டையைத் திருப்பிப் பிடிக்க, ஆசிரியர் கைபேசிக் கேமராவை வகுப்பின் மீது ஒரு சுற்றுச் சுற்றினால் அத்தனை விடைகளும் பதிவாகிவிடும்.

அட்டைக்கு அட்டை வடிவம் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுத வழியில்லை. தவறான விடை சொன்னவர் யார் என்பதும் ஆசிரியரைத் தவிர மற்றவருக்குத் தெரியாது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பார்த்தவர்களே அறிவர். அட்டை எண்ணை வருகைப் பதிவேட்டு வரிசை எண்ணுடன் பொருத்திக்கொண்டால் மாணவரின் பெயரை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை. பளபளப்பான உறை போட்டால் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்குத் தெரியாமல் போகும். கெட்டி அட்டையில் ஒட்டினாலே போதும்.

கேள்வி அமைக்கும் முறை

எந்தக் கருவியானாலும் பயன் தருவது தவறான விடைகளை நாம் எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, தசம எண்களில் ஒரு கேள்வி: பின்வருவனவற்றுள் பெரியது எது? ஏ) 0.6 பி) 0.62 சி) 0.584 டி) தெரியவில்லை.

சரியான விடை பி. சி என்பவர், புள்ளிக்குப் பின் வருவதை முழு எண்ணாக எண்ணி 584ஐப் பெரிதாகக் கொள்கிறார். "புள்ளி ஐந்நூற்று எண்பத்து நான்கு" என்று நாமே வகுப்பில் வாசித்துப் பழக்கியிருப்போம். "புள்ளி ஐந்து எட்டு நான்கு" என்றே வாசிக்க வேண்டும். ஏ என்பவர், பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது என்ற சரியான செய்தியிலிருந்து, இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்ற தவறான முடிவுக்கு வந்திருக்கலாம். இருவருக்கும் ஒரே விளக்கம் உதவாது. முதலாமவருக்கு இடமதிப்பு அட்டவணையும், இரண்டாமவருக்கு 0.6ஐ 0.60 என எழுதிக் காட்டுவதும் பலன் தரும். டி என்ற விடை இல்லாவிட்டால் குருட்டுத்தனமாகத் தேர்ந்தவரும் இவர்களோடு கலந்துவிடுவார்.

ஆகவே வரைபடம் தோன்றியதும் அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. விடையை அறிவிக்கும் முன் அருகில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிட்டு மறுபடி விடை கேட்கலாம். ஒரு பாடவேளைக்கு ஐந்து கேள்விகளே அதிகம்.

இணையம் இல்லாத இடங்களில்

ஜிகாம்ப்ரி என்பது 2 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கான மென்பொருள். "எனக்குப் புரிந்தது" என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலிப்பே இதன் பெயர். புரூனோ கூதுவான் என்பவர் 2000ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டம் இப்போது கேடிஈ சமூகத்தின் பகுதியாக உள்ளது. எண், எழுத்து, கடிகாரம், புதிர் என நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகள் இதில் உண்டு. மேலே கூறிய இரண்டும் விலையில்லாமல் கிடைப்பவை மட்டுமே. இதுவோ கட்டற்ற மென்பொருள். யாரும் படியெடுக்கலாம், மாற்றலாம். விளம்பரம் கிடையாது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும் என்பதால், கணினி அறையில் உள்ள பழைய கணினிகளிலும் முயன்று பார்க்கலாம்.