பழைய அச்சுக் கோப்புகளும் கட்டற்ற மென்பொருளும்

அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் வெளியிடும் பாடநூல்கள், விதித்தொகுப்புகள், ஆண்டறிக்கைகள் ஆகியவற்றின் அச்சுப் படிகள் நூலகங்களில் காக்கப்படுகின்றன. அந்நூல்களுக்குப் பக்கம் அமைத்த மூலக் கோப்புகளோ பெரும்பாலும் அச்சகங்களிலும் டி.டி.பி. நிலையங்களிலும் தங்கிவிடுகின்றன. மறுபதிப்பு தேவைப்படும்போதுதான் அக்கோப்புகளைத் திறக்க இயலுமா என்ற கேள்வி எழுகிறது. திறக்க இயலாவிட்டால், ஏற்கெனவே ஒருமுறை பொதுப் பணத்தில் தட்டெழுதித் திருத்திய நூலை மீண்டும் முதலிலிருந்து தட்டெழுத வேண்டியதாகிறது. இந்நிலைக்கான காரணங்களையும், இதிலிருந்து மீளும் வழிகளையும் அறிவது ஆவணங்களைக் கையாளும் அனைவருக்கும் பயன்தரும்.

பேஜ்மேக்கரின் வளர்ச்சியும் முடிவும்

ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1985-ஆம் ஆண்டு பேஜ்மேக்கர் மென்பொருளை வெளியிட்டது. ஈய எழுத்துகளைக் கோத்துச் செய்த வேலையை ஒரு மேசைக் கணிப்பொறியிலேயே செய்யலாம் என்ற நிலையை அது உருவாக்கியது. நம் நாட்டின் சிறு நகர அச்சகங்கள் வரை அது பரவியது. 1994-இல் அடோபி நிறுவனம் ஆல்டஸை வாங்கியது. 1999-இல் இன்டிசைன் என்ற புதிய மென்பொருளை வெளியிட்டது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்பே பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பாகும்.

பேஜ்மேக்கர் 6.0 முதலான பதிப்புகளின் கோப்புகளை இன்டிசைனின் சி.எஸ்.6 பதிப்பு வரை திறக்க முடிந்தது. அதன் பின்னர் வந்த பதிப்புகளில் அவ்வசதி இல்லை. மேலும், 2013 முதல் அந்நிறுவனம் மென்பொருளை ஒரே விலைக்கு விற்பதை விடுத்துச் சந்தா முறைக்கு மாறியது. சந்தா நின்றால் மென்பொருளின் பயனும் நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் தனது பப்ளிஷர் மென்பொருளுக்கான ஆதரவு 2026 அக்டோபரில் நிறைவுறும் என அறிவித்தது. நூலின் உள்ளடக்கம் துறைக்குச் சொந்தமாயினும், அதைத் திறக்கும் சாவி வேறொருவர் கையில் இருப்பதே இச்சிக்கலின் வேராகும்.

மாற்று வழிகள்

யாரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் உரிமை அளிக்கும் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். பக்க அமைப்புக்கு 2001-இல் தொடங்கப்பட்ட ஸ்க்ரைபஸ் இவ்வகையைச் சார்ந்தது. எளிய அறிக்கைகளுக்கும் கையேடுகளுக்கும் லிபர் ஆபீஸ் போதுமானது. இவ்விரண்டின் கோப்பு வடிவங்களும் வெளிப்படையானவை. லிபர் ஆபீஸ் பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவம் 2006-இல் பன்னாட்டுத் தர நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது. ஒரு மென்பொருள் மறைந்தாலும், வடிவத்தின் விவரம் அனைவருக்கும் தெரிந்திருப்பதால், மற்றொரு மென்பொருளை எழுதிக் கோப்பைத் திறக்க முடியும்.

பழைய கோப்புகளை மீட்பதற்கென்றே ஆவண விடுதலைத் திட்டம் என்ற கூட்டு முயற்சி 2014-இல் தொடங்கப்பட்டது. அதன் பயனாக, 2015-இல் வெளிவந்த லிபர் ஆபீஸ் 4.4 பதிப்பு முதல் பேஜ்மேக்கர் கோப்புகளை அதில் திறக்க முடிகிறது. பக்கத்தின் அமைப்பு முழுதும் அப்படியே வரும் என எதிர்பார்க்கலாகாது. எனினும் உரையையும் படங்களின் இடத்தையும் பெருமளவு மீட்டுவிடலாம்.

இந்திய மொழிகளின் தனிச் சிக்கல்

ஆங்கில நூலாயின் பணி ஏறக்குறைய இத்துடன் முடிந்துவிடும். இந்திய மொழி நூல்களுக்கோ கோப்பைத் திறப்பது பாதிப் பணியே ஆகும். பேஜ்மேக்கர் யூனிகோடை அறியாதது. ஆகவே ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ், இந்தி, மலையாள வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் உருவாக்கப்பட்டன. எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. குறிப்பிட்ட எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் அவ்வுரை பொருளற்ற ரோமன் எழுத்துகளாகவே தோன்றும். எழுத்துரு இருந்தாலும் சொல்லைத் தேட இயலாது. பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் அதைப் படிக்காது. பி.டி.எஃப். ஆக மாற்றி வைப்பதால் மட்டும் இக்குறை நீங்காது. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் அப்பக்கத்தின் உள்ளே இருப்பவை ரோமன் குறியீடுகளே.

எனவே உரையை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இதில் குறியீட்டுக்குக் குறியீடு மாற்றினால் மட்டும் போதாது. பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் பதிவாகியிருக்கும். யூனிகோடில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் அமையும். தேவநாகரியில் மெய்க்கு முன் எழுதப்படும் குறில் இகரக் குறிக்கும் இதே வரிசை மாற்றம் தேவை. ஔகாரக் குறியில் மற்றொரு இடர்ப்பாடு உண்டு. அதன் வலப்பகுதியும் ளகரமும் ஒரே வடிவின. ஔகாரத்தைக் கருதாமல் மாற்றினால் ‘கௌரவம்’ என்ற சொல் ளகரம் கொண்ட ‘கெளரவம்’ ஆகிவிடும். எல்லா இடத்திலும் ஔகாரமெனக் கொண்டால் ‘வெள்ளம்’, ‘தெளிவு’ ஆகியவை சிதையும். முதல் வகைப் பிழை கண்ணுக்கு எளிதில் தெரியாது, தேடும்போதுதான் வெளிப்படும்.

பணியின் வரிசை

முதற்கண், கையிருப்பிலுள்ள கோப்புகளைப் பட்டியலிட வேண்டும். நூலின் பெயர், மென்பொருளின் பதிப்பு, பயன்படுத்திய எழுத்துரு ஆகியவை அப்பட்டியலில் இடம்பெறுதல் அவசியம். எழுத்துருவின் பெயர் தெரியாவிடில் மாற்றும் அட்டவணையைத் தேர்வது கடினமாகும்.

இரண்டாவதாக, மூலக் கோப்பின் படியெடுத்து, அப்படியில் மட்டுமே பணி செய்ய வேண்டும். உரையைப் பிரிக்கும்போது எழுத்துருப் பெயர்களைத் தக்கவைக்கும் வடிவில் சேமிப்பது நலம். வெற்று உரையாகச் சேமித்தால், இடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் மாற்றி இந்திய மொழி எழுத்துகளென எண்ணிச் சிதைத்துவிடும்.

மூன்றாவதாக, மாற்றிய உரையை அச்சுப் படியுடன் ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்க வேண்டும். கோப்பே கிடைக்காத நூல்களுக்கு, அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்துகளை உணரும் டெசராக்ட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. இதன் விளைவையும் மெய்ப்புப் பார்த்தே ஏற்க வேண்டும்.

நான்காவதாக, திருத்திய உரையைத் திறந்த வடிவில் சேமித்து, அதிலிருந்து ஸ்க்ரைபஸில் பக்கம் அமைக்கலாம். நெடுங்காலக் காப்புக்கெனத் தரப்படுத்தப்பட்ட பி.டி.எஃப்.-ஏ வடிவில் ஒரு படியும் வைத்தல் வேண்டும்.

கேரளத்தின் அனுபவம்

ஸ்க்ரைபஸில் நெடுங்காலம் இந்திய எழுத்துகள் சரிவர அமையவில்லை. அரபு எழுத்தின் தேவைக்காக ஓமான் நாட்டின் திறமூலக் குழுவினர் மேற்கொண்ட பணி, கூட்டெழுத்துகளைக் கையாளும் புதிய உரையமைப்பு முறைக்கு வழிவகுத்தது. 2017-இல் வந்த 1.5.3 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. இந்திய மொழிகளும் பயன்பெற்றன. 2019-இல் ஜனயுகம் என்ற மலையாள நாளிதழ் யூனிகோடு எழுத்துருக்களுக்கும் ஸ்க்ரைபஸுக்கும் மாறியது. ஒவ்வோர் இரவும் குறித்த நேரத்துக்குள் பக்கங்களை முடிக்க வேண்டிய நாளிதழுக்கு இது இயலுமாயின், மாதக்கணக்கில் அவகாசமுள்ள நூல் வெளியீட்டுக்கும் இயலும் என்பது வெளிப்படை. புதிய பணிகளை முதலில் மாற்றிக்கொண்டு, பழைய கோப்புகளைத் தேவையின் வரிசையில் மீட்பதே நடைமுறைக்கு ஏற்றது.

செலவும் வரம்பும்

மென்பொருள் விலையின்றிக் கிடைப்பதால் மாற்றம் செலவற்றது எனக் கருதலாகாது. மெய்ப்புப் பார்ப்போரின் ஊதியம், பணியாளர் பயிற்சி, தொடக்கத்தில் ஏற்படும் தாமதம் ஆகியவற்றுக்கு ஒதுக்கீடு வேண்டும். இன்டிசைனும் சி.எஸ்.6 முதல் இந்திய எழுத்துகளை யூனிகோடில் கையாள்கிறது. ஆதலின் சில அச்சகங்கள் அதையே விரும்பலாம். அந்நிலையிலும் துறையிடம் யூனிகோடு உரை இருந்தால், அச்சகம் எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் இழப்பில்லை.

மத்திய அரசு 2009-இல் மின் ஆளுகைக்கு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. 2010-இல் திறந்த தரங்களுக்கான கொள்கையும், 2015-இல் திறமூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையும் வெளியாயின. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றது. இக்கொள்கைகள் பயன்தர வேண்டுமாயின், அச்சுப் பணி ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தாக வேண்டும்: அச்சிட்ட படிகளுடன் யூனிகோடு உரையையும், திறந்த வடிவிலான மூலக் கோப்பையும், மறுபயன்பாட்டுக்கு உரிமையுள்ள எழுத்துருக்களையும் அச்சகம் ஒப்படைக்க வேண்டும் என்பதே அது. ஒப்பந்தத்தில் சேரும் இந்தச் சில வரிகள், அடுத்த தலைமுறை அதிகாரிகளை மீண்டும் தட்டெழுதும் செலவிலிருந்து காக்கும். பொதுமக்களின் பணத்தில் உருவான நூல்கள் பொதுமக்களுக்குத் தொடர்ந்து பயன்படவும் வழிசெய்யும்.