கொலு முடிஞ்ச பிறகு என்ன பண்ணணும்?

கொலு வைக்க வீட்டுல எல்லாரும் வருவாங்க. எடுத்து வைக்க யாரும் வரமாட்டாங்க. எங்க வீட்டுல அந்த வேலை என் தலையில.

போன வருஷம் விஜயதசமி ராத்திரி பாட்டி வழக்கம்போல ஒரு பொம்மையை மட்டும் படுக்க வெச்சாங்க. மறுநாள் எனக்கு ஹாஸ்டலுக்கு பஸ். அரை மணி நேரத்துல எல்லாத்தையும் நியூஸ்பேப்பர்ல சுத்தி, பெட்டியில போட்டு, பரண்ல ஏத்திட்டுக் கிளம்பிட்டேன். இந்த வருஷம் திறந்தா, செட்டியார் பொம்மையோட தலை தனியா இருந்தது. அந்தச் செட்டியார், செட்டிச்சி ஜோடி பாட்டி கல்யாணத்துக்கு அவங்க அம்மா வாங்கிக் கொடுத்தது. பாட்டி திட்டவே இல்லை. செட்டிச்சியை மட்டும் மளிகைக் கடை முன்னாடி உட்கார வெச்சாங்க. திட்டியிருந்தா பரவாயில்லைனு இருந்தது.

தப்பு எங்கேனு யோசிச்சேன். பதில் எல்லாம் நாம முதல் வருஷம் படிச்ச பாடத்துலயே இருக்கு.

எதனால் செஞ்ச பொம்மை?

முதல்ல பொம்மைகளைப் பொருள்வாரியா பிரிக்கணும். சுட்ட களிமண் பொம்மை அமுக்கினா தாங்கும். வளைச்சாலோ இழுத்தாலோ உடையும். அதிலும் கழுத்து, மணிக்கட்டு, புல்லாங்குழல் மாதிரி ஒல்லியான இடங்கள்லதான் ஸ்ட்ரெஸ் குவியும். நான் செட்டியார் மேல கனமான தசாவதார செட்டை வெச்சிருந்தேன். கழுத்து போனதுல ஆச்சரியமே இல்லை.

காகிதக் கூழ் பொம்மை லேசு, கீழே விழுந்தாலும் சட்டுனு உடையாது. ஆனா ஈரம்னா ஊறும், கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது சாப்பாடு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மையில நுண்ணிய துளைகள் இருக்கு, அதுவும் ஈரத்தை இழுக்கும். மரப்பாச்சிக்குக் கவலை குறைவு, பூச்சி வராம பார்த்தா போதும்.

ஈரம்தான் முதல் எதிரி

நவராத்திரி வர்றது செப்டம்பர், அக்டோபர்ல. நம்ம ஊர்ல வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் போகும். அதாவது நாம பெட்டி கட்டுற நேரமும், காத்துல ஈரம் ஏறுற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணு. அதனால மழை இல்லாத ஒரு நாள் பார்த்து, வெயில் நேரடியா படாத, காத்தோட்டமான இடத்துல பொம்மைகளை வெச்சு, நல்லா உலர்ந்த பிறகு எடுத்து வைங்க. ஈரத்துணியால துடைக்காதீங்க, பெயின்ட் போயிடும். காஞ்ச பெயின்ட் பிரஷ் போதும்.

காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா நல்லதுதான். ஆனா ஈரத்தோட மூடினா அந்த ஈரமும் உள்ளேயே மாட்டிக்கும். டப்பாவுக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போடலாம். ஷூ டப்பாவுல வந்த பழைய பாக்கெட்டை அப்படியே போட்டா பிரயோஜனம் கம்மி. அது ஏற்கெனவே ஈரத்தைக் குடிச்சிருக்கும். நீல நிற ஜெல் வாங்கினா, ஈரம் குடிச்சதும் இளஞ்சிவப்பா மாறிக் காட்டிக் கொடுத்துடும். அட்டைப் பெட்டியில ஜெல் போட்டுப் பலன் இல்லை, காத்து வந்துக்கிட்டே இருக்கும்.

சுத்துறது, அடுக்குறது

முதல் சுத்து பழைய காட்டன் வேட்டி. அதுக்கு மேலதான் நியூஸ்பேப்பர், ஏன்னா அதோட மை பொம்மையில ஒட்டும். மூக்கு, கை, கிரீடம் பக்கத்துல கசக்கின பேப்பரை அடைச்சு வைங்க. பெட்டியை மெதுவா ஆட்டிப் பாருங்க. உள்ளே எதுவும் நகரக்கூடாது. கனமானது அடியில, லேசானது மேல. காகிதக் கூழ் பொம்மைக்கும் களிமண் பொம்மைக்கும் தனித்தனி பெட்டி.

நாஃப்தலின் உருண்டை போடுறவங்க அதைத் துணியில முடிஞ்சு மேல் பக்கமா வைங்க. அதோட ஆவி காத்தைவிடக் கனம், கீழே இறங்கும். நேரா பெயின்ட் மேலயோ பிளாஸ்டிக் மேலயோ படவேண்டாம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுல அதைத் தவிர்க்கிறதே நல்லது. எங்க வீட்டுல இப்போ வசம்புதான். வேப்பிலை போடுறதா இருந்தா சருகா காய வெச்சுப் போடுங்க.

படியும் சீரியல் லைட்டும்

கழட்டி மாட்டுற இரும்புப் படியோட நட்டு, போல்ட்டு எல்லாத்தையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு, படியோட காலிலேயே கட்டிடுங்க. தனியா பத்திரமா வெச்சா அது தொலைஞ்ச மாதிரிதான். சீரியல் லைட்டை எரிய வெச்சுப் பார்த்துட்டு, ஒரு அட்டையில சுத்தி வைங்க. உருட்டிப் போட்டா அடுத்த வருஷம் பாதி நாள் சிக்கு எடுக்கவே போயிடும்.

கடைசியா, பெட்டிக்கு நம்பர் போட்டு, உள்ளே என்ன இருக்குனு ஒரு பேப்பர்ல எழுதி மூடியில ஒட்டுங்க. கலைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்துக்கங்க.

இந்த லிஸ்ட் எங்க வீட்டுல இத்தனை வருஷமா பாட்டி தலைக்குள்ள மட்டும்தான் இருந்தது. இந்த முறை அவங்களைப் பக்கத்துல உட்கார வெச்சு, ஒவ்வொரு பொம்மையும் எந்த வருஷம், யார் வாங்கினதுனு கேட்டுக் கேட்டு எழுதினேன். மூணு பக்கம் வந்தது. அடுத்த நவராத்திரிக்கு நான் எந்த ஊர்ல வேலையில இருப்பேனோ தெரியாது. செட்டியார் கழுத்தை ஒட்டியாச்சு. அவருக்கு இப்போ தனிப் பெட்டி, நம்பர் 1. மேல எதையும் வைக்கக் கூடாதுனு பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேன்.