தெரிவு பார்ப்போர் கையில்: கிளைவிடும் வீடியோப் படம் தயாரித்தல்

நல்ல சமாரியன் உவமையைச் சொல்லி முடித்த இயேசு, மூவருள் யார் உண்மையான அயலவன் என்ற தீர்ப்பைத் தாமே கூறவில்லை. கேட்க வந்தவரிடமே அக்கேள்வியைத் திருப்பிக் கேட்டார். தானே யோசித்துக் கண்ட விடையை மனிதன் எளிதில் மறப்பதில்லை. ஆனால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் காட்டப்படும் படங்கள் பெரும்பாலும், "இதைப் பயிரிடுங்கள், இப்படிச் சேமியுங்கள்" என்று பிறர் எடுத்த முடிவையே சொல்கின்றன.

இன்னொரு வகைப் படம் உண்டு. அது நடுவிலே நின்று, "இனி என்ன செய்யலாம்?" என்று பார்ப்போரைக் கேட்கும். அவர்கள் சொல்லும் வழியிலேயே கதை தொடரும். இதனைத் தயாரிக்க உங்கள் பிள்ளைகளிடம் இருக்கும் கைத்தொலைபேசி போதும்.

எரிந்த வீட்டின் பாடம்

1967ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், செக்கோசிலோவாக்கியா நாட்டு மண்டபத்தில் 'கினோஆட்டோமாட்' என்ற இவ்வகைப் படம் காட்டப்பட்டது. அதனை உருவாக்கியவர் ரடூஸ் சின்செரா. அரங்கில் 127 ஆசனங்கள் இருந்தன. ஒவ்வோர் ஆசனத்திலும் சிவப்பு, பச்சை என இரு பொத்தான்கள். கதை சிக்கலான கட்டத்துக்கு வந்ததும் படம் நிற்கும். மேடையில் நிற்பவர் கேள்வி கேட்பார். பெரும்பான்மையோர் அழுத்திய பொத்தானின்படி கதை தொடரும்.

ஆனால் அதில் ஒரு தந்திரம் இருந்தது. எந்த வழியில் போனாலும் கதை அடுத்த கேள்வியில் ஒன்றாய் வந்து சேர்ந்துவிடும். படம் தீப்பிடித்த கட்டடத்தோடு தொடங்கும். மக்கள் எதைத் தெரிந்தாலும் அதே தீயில்தான் முடியும்.

அது ஒரு நையாண்டிப் படம். எமது படம் அப்படி அமையக்கூடாது. பெயருக்கு மாத்திரம் கேட்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை இடம்பெயர்ந்தவர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே ஒவ்வொரு தெரிவும் உண்மையிலேயே வேறு வேறு முடிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதலில் கடதாசியில்

ஒரு மரம் போலக் கதையை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வழி என்றால், ஐந்து கேள்விகளுக்கு 63 துண்டுகள் படமாக்க வேண்டும். இரண்டு கேள்விகள் என்றால் ஏழு துண்டுகளே போதும். துண்டொன்று இரண்டு நிமிடமாயின், நீங்கள் எடுப்பது 14 நிமிடம். ஒரு தடவை பார்ப்பவர் காண்பது ஆறு நிமிடம். தொடங்குபவர்களுக்கு இதுவே அளவு.

உதாரணமாக, மீள்குடியேறிய குடும்பம் ஒன்றுக்குக் காலபோகம் நெருங்குகிறது. வீட்டில் பழைய நெல் இருக்கிறது. அதையே விதைப்பதா, அறுவடையில் நெல்லாகத் திருப்பித் தருவதாகச் சொல்லி வியாபாரியிடம் விதைநெல் வாங்குவதா? இது முதற் கேள்வி. முதல் வழியில், 100 நெல்மணிகளை ஊறவைத்து ஈரச்சாக்கில் சுற்றி முளைக்கவிட்டால் 60 மட்டுமே முளைக்கின்றன. விதையைக் கூட்டி விதைப்பதா, விதைக்கும் பரப்பைக் குறைப்பதா? மற்ற வழியில், அறுவடை வேளையில் நெல்விலை விழுந்துவிடுகிறது. வியாபாரிக்கு நெல்லையே அளப்பதா, நகையை அடைவு வைத்துக் காசாகக் கடனை அடைத்து, நெல்லை வைத்திருந்து விற்பதா?

முடிவுகளைக் கற்பனையாக எழுத வேண்டாம். அவ்வழியில் போனவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கடன்பட்டவரை மூடராகக் காட்டவும் வேண்டாம். அவருக்கும் தக்க காரணம் இருந்திருக்கும்.

எடுப்பதும் காட்டுவதும்

கதை வரிசையில் எடுக்காமல், வயற் காட்சிகளை ஒரு நாளும் வீட்டுக் காட்சிகளை இன்னொரு நாளும் எடுத்தால் வேலை குறையும். தொடர்புடைய துண்டுகளில் உடுப்பு மாறக்கூடாது. ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் துண்டின் எண்ணைக் கடதாசியில் எழுதிக் காட்டுங்கள். காற்று இரைச்சல் பேச்சைக் கெடுக்கும். பேசுபவருக்குக் கிட்ட நின்று எடுங்கள். கேள்வி வரும் இடத்தில் கடைசிக் காட்சியை 20 விநாடிகள் அப்படியே நிற்க விடுங்கள்.

யூரியூப்பில் இட்டால், படத்தின் கடைசி 5 முதல் 20 விநாடிகளுக்குள் அடுத்த துண்டுகளுக்கான இணைப்புகளை வைக்கலாம். இணையம் இல்லாத இடத்தில், துண்டுகளுக்கு எண்ணிட்டு வைத்து, கூட்டத்தில் கையுயர்த்தச் சொல்லி அதற்குரியதைப் போட்டுக் காட்டலாம். முகம் காட்ட விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். இணையத்தில் பரவியதை முழுமையாகத் திரும்பப் பெற முடியாது.

கூட்டத்தில் காட்டும்போது, வாக்கெடுக்கு முன் பேச இடங்கொடுங்கள். ஒரு வழியைப் பார்த்து முடிந்தபின் மற்ற வழியையும் காட்டுங்கள். யாராவது ஒரு தாய் எழுந்து, "இரண்டும் சரிவராது, நாங்கள் வேறு விதமாகச் செய்வோம்" என்று சொல்லக்கூடும். அவரை இடைமறிக்காதீர்கள். அவர் சொல்வதை எழுதிவைத்து, எட்டாவது துண்டாக எடுங்கள்.