அண்டை வீட்டு நாயும் நம் வீட்டுப் பூனையும்

முகையூர் வட்டாரத்தில் நெல், மணிலா மூட்டைகளையும் தறி நூலையும் எலியினின்று காப்பது பூனை. அடுத்த வீட்டு நாய் ஓயாது குரைப்பின் அக்காவல் குலையும். நம் செவிக்கு எட்டும் ஒலியின் மேலெல்லை வினாடிக்கு 20,000 அதிர்வுகள். பூனைக்கோ 60,000க்கும் மேல். அத்துணைக் கூரிய செவியுடையது குரைப்பொலிக்கு அஞ்சி ஒளியும், உணவை வெறுக்கும்.

அதனை அடித்தலும் வலிந்து தூக்குதலும் ஆகா. பரண்மீது சாக்கு விரித்து ஒதுக்கிடம் அமைத்து, உணவையும் நீரையும் நாயின் பார்வை படாத பக்கத்தில் வைத்தல் வேண்டும். அண்டை வீட்டாரிடம் இன்சொல்லால் உரைப்போம்: நாளெல்லாம் கட்டிக்கிடக்கும் நாயே பெரும்பாலும் மிகுதியாகக் குரைக்கும், காலை மாலை உலாவ அழைத்துச் சென்றால் தணியும்.

நீடித்த அச்சம் சிறுநீர்ப்பையையும் தாக்குவதுண்டு. கடுவன் பூனை முக்கியும் நீர் இறங்காதிருப்பின் ஓரிரு நாளில் உயிர் போகும். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.