உங்களுக்குத் தெரியுமா? அலமாரியில் 50 தோட்டா!

சுவிட்சர்லாந்தில் 2007 வரை, துப்பாக்கியோடு 50 தோட்டாக்கள் கொண்ட சீல் வைத்த தகர டப்பாவையும் ராணுவமே படைவீரர்களின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது.

• எதற்கு? அங்கே படைவீரர்களில் பெரும்பாலோர் பயிற்சி முடிந்ததும் வீடு திரும்பி, வங்கியிலும் வயலிலும் அன்றாட வேலை பார்ப்பவர்கள். திடீரென்று போர் மூண்டால், வீட்டிலிருந்து படை கூடும் இடம்வரை சண்டையிட்டபடியே போய்ச் சேர இந்தக் கையிருப்பு.

• மீன் டப்பாவைப் போல முழுக்க மூடியிருந்தது. உத்தரவில்லாமல் திறந்தால் தண்டனை. சீல் உடையாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது சோதனையும் நடந்தது. குறி பார்த்துப் பழகக்கூட இதைத் தொட அனுமதி இருந்ததில்லை. கட்டாயப் பயிற்சிக்கான 20 தோட்டாக்களைச் சுடுதளத்திலேயே வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்க்க வேண்டும்.

• ராணுவத் துப்பாக்கியால் நடந்த தற்கொலைகளும் குடும்பக் கொலைகளும் நாட்டை உலுக்கின. வராத எதிரிக்காக வைத்த துப்பாக்கி வீட்டாரையே பலிகொண்டது பெருங்கொடுமை. டப்பாக்களைத் திரும்பப் பெற 2007-ல் முடிவானது. மிகவும் சரியான முடிவு. சில சிறப்புப் பிரிவினருக்கு மட்டும் விலக்கு. 2011-க்குள் கிட்டத்தட்ட எல்லாமே ராணுவக் கிடங்குக்குத் திரும்பிவிட்டன.

• துப்பாக்கி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது! அதையும் கிடங்கில் வைக்க வேண்டும் என்ற யோசனையை 2011 பிப்ரவரியில் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 56 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.