வீடு கட்டுமிடத்தில் களவைத் தடுப்பது எவ்வாறு?

ஒரு குடும்பத்தின் வாழ்நாளில் வீடு கட்டும் முயற்சி பெரும்பாலும் ஒரே முறைதான் நிகழ்கிறது. விவசாயிக்கு வீடு விளைபொருளைக் காக்கும் இடம். நெசவாளருக்கோ அதுவே தொழிற்கூடம். சுவர் எழும்பித் தளம் போடப்படாமல் நின்றுவிட்டால், விவசாயிக்கு அசௌகரியம். நெசவாளருக்குப் பிழைப்பே நின்றுவிடும். ஐப்பசி மழை தொடங்கிக் குழித்தறியில் நீர் ஊறுமானால் பாவு நனையும், வேலை ஓடாது, கூலியும் வராது. ஆகையால், கட்டுமிடத்திலிருந்து பத்துக் கம்பிகள் களவு போவதைப் பத்துக் கம்பிகளின் விலையோடு நிறுத்திக் கணக்கிடுதல் கூடாது.

மங்கலம்பேட்டையிலும், விருத்தாசலம்–உளுந்தூர்பேட்டைச் சாலையை ஒட்டிய சுற்றுக் கிராமங்களிலும் புதிய வீடுகள் ஊரின் விளிம்பிலும் வயல்களின் ஓரத்திலும் எழுகின்றன. பக்கத்தில் குடியிருப்பு இல்லை. சாலையிலோ இரவு முழுவதும் வாகனங்கள் ஓடுகின்றன. இத்தகைய இடத்தில் இறக்கிய பொருள் காவலற்ற பொருளே. அதோடு, வீட்டுக்கான பணமும் தவணை தவணையாகவே வருகிறது. 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ. 3,50,000 என்று வகுத்து, பணி முன்னேறும் அளவுக்கேற்பத் தொகை விடுவிக்கப்பட்டது. கடன் பெற்றுக் கட்டுவோருக்கும் நிலை இதுவே. தளத்துக்கான கம்பி போய்விட்டால் தளம் இல்லை. தளம் இல்லையேல் அடுத்த தவணை இல்லை. களவு போன பொருளுக்கும் வட்டி மட்டும் தவறாமல் வளர்ந்துகொண்டிருக்கும்.

பூட்டுக்கு முன் கணக்கு

களவு என்றதும் நாம் பூட்டையும் காவலாளியையும் நினைக்கிறோம். அவை வேண்டியவையே. எனினும், அவற்றுக்கு முன் வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று தெரியாத இடத்தில் பொருள் குறைந்ததே தெரியாது. குறைந்தது தெரிந்தாலும் எப்பொழுது குறைந்தது என்பது தெரியாது. சங்கத்தில் நூலை எடை போட்டு வாங்கி, நெய்த துணியை எடை போட்டுக் கொடுத்து, சேதாரத்துக்கும் கணக்குச் சொல்லும் நெசவாளர், தம் வீட்டுக்கு வரும் சிமெண்டை மட்டும் எண்ணாமல் விடுவதேன்? அதே முறையை இங்கும் கையாளலாம். நாள்தோறும் மாலையில் வேலை முடிந்ததும் கொத்தனாரையும் அருகில் வைத்துக்கொண்டு வரவு, செலவு, இருப்பு மூன்றையும் எழுதி, இருவரும் கையெழுத்திடுவது நன்று.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. கணக்கில்லாத இடத்தில் பொருள் குறைந்தால் சந்தேகம் முதலில் சித்தாள் மீதும் கொத்தனார் மீதும் விழுகிறது. நாணயமாக உழைத்தவர் மனம் நொந்து வேலையை விட்டுப் போவதும் உண்டு. கணக்கு உரியவரின் பொருளைக் காப்பதோடு உழைப்பவரின் பெயரையும் காக்கிறது.

இறக்கும்போதே அளத்தல்

இரவில் வரும் கள்வனுக்கு முன்பே, பகலில் குறைவாக இறக்கப்படும் சரக்கால் நட்டம் வருவதுண்டு. மணல், ஜல்லி, எம்-சாண்ட் ஆகியவை யூனிட் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியின் உட்புறம் 12 அடி நீளமும் 7 அடி அகலமும் இருந்து, மணல் இரண்டரை அடி உயரம் நின்றால் 210 கன அடி. அதே லாரியில் உயரம் மூன்று அங்குலம் குறைந்தால் 189 கன அடிதான். மூன்று அங்குலத்தில் 21 கன அடி போய்விடுகிறது! ஆகவே, கொட்டுவதற்கு முன் மணலைச் சமப்படுத்தச் செய்து, நான்கைந்து இடங்களில் கோலை ஊன்றி அளக்க வேண்டும். ஈரமணல் பருத்துக் காட்டும் என்பதையும் மறக்கலாகாது.

கம்பி எடையில் விற்கப்படுகிறது. இதனை எண்ணிக்கையாலும் சரிபார்க்கலாம். விட்டத்தின் மில்லிமீட்டர் அளவை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். இதன்படி 12 மீட்டர் நீளமுள்ள ஒரு முழுக்கம்பி 8 மி.மீ. ஆயின் 4.74 கிலோவும், 10 மி.மீ. ஆயின் 7.4 கிலோவும், 12 மி.மீ. ஆயின் 10.66 கிலோவும் இருக்கும். உருக்கு வார்ப்பில் சிறிது கூடுதல் குறைவு இயற்கை. ஆனால் 12 மி.மீ. கம்பி 60 என்று ரசீது இருந்து, எடை 640 கிலோவுக்குப் பல கிலோ கீழே நின்றால், பணம் கொடுக்குமுன் மீண்டும் எண்ணிப் பார்ப்பது அவசியம். எண்ணிக்கை, எடை இரண்டையும் நோட்டில் எழுதுக.

செலவைச் சரிபார்த்தல்

சிமெண்டில் களவு மூட்டையாகவும் போகும். கலவையின் பெயராலும் போகும். 360 சதுர அடிக்கு 5 அங்குலக் கனத்தில் தளம் போட 150 கன அடி, அதாவது சுமார் 4.25 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை செலவாகும். ஆக 34 மூட்டை. உத்தரங்களுக்கு வேண்டியது இதற்கு மேல் தனி. இக்கணக்கைப் பொறியாளரிடமோ மேஸ்திரியிடமோ முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டால், செலவு மிகும்போது காரணம் கேட்க முடியும். வெற்றுச் சாக்குகளை வீசாமல் அடுக்கி வைத்து எண்ணுவது மிக எளிய சோதனை. செலவு 34 என்றால் சாக்கும் 34 இருக்க வேண்டும்.

வேலைக்கேற்பக் கொள்முதல்

விலை ஏறும் என்று அஞ்சி எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கிக் குவிப்பது நன்மை தராது. சிமெண்ட் மூன்று மாதம் கிடந்தால் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். ஆகவே குவிப்பவர் கள்வனிடமும் ஈரக்காற்றிடமும் இருமுறை இழக்கிறார். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை வாங்கி, பலகையின் மேல், சுவரிலிருந்து ஓர் அடி விலக்கி, பத்து மூட்டை உயரத்துக்கு மேற்படாமல் அடுக்கிப் பூட்டி வைக்கலாம்.

முழுக்கம்பியைத் தூக்கிச் செல்வது கடினம். வெட்டிய கம்பியைச் சைக்கிளிலும் கொண்டு போகலாம். ஆகையால் மறுநாள் கட்டப்படும் அளவுக்கே வெட்டுவித்தல் வேண்டும். துண்டுகளையும் எடைபோட்டு உள்ளே வைக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் தகடுகளும் முட்டுகளும் காணாமற்போனால் அவற்றின் விலையும் நம் தலையில்தான் விழும். எண்ணி வாங்கி, தளம் பிரித்த அன்றே எண்ணி ஒப்படைப்பதே நலம். கதவு, ஜன்னல் பொருத்திப் பூட்டுப் போடுமுன் மின்கம்பி இழுப்பதும் குழாய் மாட்டுவதும் வேண்டாம். மோட்டாரின் எண்ணை நோட்டில் குறித்து, படமும் எடுத்து வைத்தல் நன்று.

களத்து மேட்டில் நெற்குவியலின் மீது சாணிப்பால் தெளித்துக் குறி வைப்பது நம் முன்னோர் வழக்கம். யாரேனும் கை வைத்தால் குறி கலைந்து காட்டிக் கொடுக்கும். மணல், ஜல்லிக் குவியல்களின் மீதும் சுண்ணாம்புக் கரைசலைத் தெளித்துக் குறியிடலாம். கம்பிகளின் இரு முனைகளிலும் ஒரு நிறச் சாயம் பூசி வைத்தால், பின்னால் நம் பொருள் என்று அடையாளம் காட்ட உதவும்.

கூட்டுக் காவல்

தனி ஒருவர் காவலாளி வைப்பது செலவு மிகுந்தது. ஒரே மனைப்பிரிவில் ஐந்து பேர் கட்டுவார்களானால், ஐவரும் சேர்ந்து ஒரு காவலாளியை அமர்த்தலாம். ஒரே கொட்டகையைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு விளக்கும் ஒரு கேமராவும் ஐவருக்கும் பயன்படும். கூலியையும் பொறுப்பையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கேமரா வந்தவரைக் காட்டும். குறைந்ததை எண்ணிச் சொல்லாது. ஆகவே அதனை நம்பி நோட்டைக் கைவிடலாகாது.

களவு நிகழ்ந்தபின்

இத்தனைக்கும் மேலாகக் களவு நிகழ்ந்துவிட்டால், அன்றே மங்கலம்பேட்டைக் காவல் நிலையத்திலோ தம் பகுதிக்குரிய நிலையத்திலோ புகார் கொடுக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படியைப் புகார் கொடுத்தவர் இலவசமாகப் பெற உரிமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவின்படி களவுக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். பொருளைப் பாதுகாத்து வைப்பதற்கான கட்டடத்தினுள் நடந்த களவாயின் 305-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை. களவுப் பொருள் என்று அறிந்தே வாங்குவோரும் 317-ஆம் பிரிவில் குற்றவாளிகளே. மலிவு விலையில் ரசீதில்லாத கம்பி கிடைக்கிறது என்று சொல்லப்படும்போது அங்கத்தினர்கள் இதனை நினைவிற்கொள்வார்களாக. அது மற்றோர் அங்கத்தினரின் கூரைக் கம்பியாகவும் இருக்கலாம்.

சட்டம் மற்றொன்றும் கூறுகிறது. களவு போனதன் மதிப்பு ரூ. 5,000-க்குக் குறைவாக இருந்து, முதல் முறைக் குற்றவாளி பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவையாகும். எனவே, போன பொருளின் மதிப்பு இன்னதென்று நிலைநாட்டுவது புகார் கொடுப்பவருக்கு இன்றியமையாதது. ரசீதும் நாள்வாரி இருப்புக் கணக்கும் இல்லாதவர் அங்கே என்ன காட்டுவார்?

அடுத்த மாதம் வாணம் தோண்ட நாள் பார்த்திருக்கும் அங்கத்தினர்கள், செங்கலுக்கு முன்பணம் கொடுக்குமுன் நோட்டுப் புத்தகத்தை வாங்கிவிடுவார்களாக. அதன் முதல் பக்கத்தில் முதல் லாரியின் அளவு எழுதப்படட்டும். தம் மனைக்குப் பக்கத்தில் கட்டுவோரையும் அழைத்துக் கூட்டுக் காவலைப் பற்றிப் பேசி முடிவு செய்வார்களாக. மழைக்கு முன் தளம் போட்டு, புதிய வீட்டில் தறியை இறக்க, இவ்விரண்டும் பெரிதும் துணை செய்யும்.